ஜிடிபில பிரேக்பாயிண்ட்: கேளுங்க, சொல்றேன்

லினக்ஸ்ல சி, சி பிளஸ் பிளஸ் எழுதி பன்னெண்டு வருஷமா ஜிடிபியோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். ஓடுற புரோகிராமை நடுவுல நிறுத்தி தப்பைத் தேடுற டிபக்கர் அது; இங்க வந்தா நில்லுன்னு வைக்கிற குறிதான் பிரேக்பாயிண்ட். மவுஸ், பட்டன் எதுவும் கிடையாது, கறுப்பு ஸ்கிரீன்ல டைப் அடிக்கிற கதை மட்டும்தான். இன்னிக்கு சாயங்காலம் ஃப்ரீ, கேளுங்க.

கேள்வி: அக்கா, நான் செகண்ட் இயர். இதுவரைக்கும் மதிப்பை அச்சடிச்சுப் பார்க்க பிரின்ட்எஃப் போட்டே காலத்தை ஓட்டிட்டேன். ஜிடிபி திறந்ததும் முதல்ல என்ன அடிக்கணும்?

கம்பைல் பண்றப்போ -ஜி போட்டியா? அது இல்லன்னா லைன் நம்பர் எதுவும் தெரியாது, இருட்டுல ஊசி தேடுற மாதிரிதான். போட்டிருந்தா நேரா "ஸ்டார்ட்"னு அடி, அதுவே மெயின்ல ஒரு தற்காலிக பிரேக்பாயிண்ட் வச்சு ஓட்டி அங்க நிக்கும். அப்புறம் "பிரேக்"னு அடிச்சு ஃபங்ஷன் பேரையோ, ஃபைல் பேரும் லைன் நம்பருமோ குடு. முடிஞ்சவரைக்கும் ஃபங்ஷன் பேரே குடு. ஏன்னா நடுவுல கோடைத் திருத்தி கம்பைல் பண்ணிட்டு அதே ஜிடிபில மறுபடி "ரன்" அடிச்சா அது புது பைனரியை எடுத்துக்கும், ஆனா நீ 42ஆவது வரின்னு சொன்னது 42லயே உக்காந்திருக்கும், மேல நாலு வரி சேர்த்திருந்தேன்னா நிக்கிற இடம் வேற.

கேள்வி: மேடம், லட்சம் தடவை ஓடுற லூப். ஐ 500 ஆகும்போது மட்டும் நிக்கட்டும்னு "பிரேக் 87 இஃப் ஐ = 500" போட்டேன். முதல் சுத்துலயே நின்னுடுச்சு, கடைசில வர்ற கூட்டுத்தொகையும் தப்பு!

சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க, நானும் இதே குழில விழுந்து ஒரு மத்தியானத்தையே தொலைச்சவதான். ஒத்தை ஈக்வல் போட்டா அது ஒப்பிடுறது இல்ல, அசைன்மென்ட். ஜிடிபி அந்த எக்ஸ்பிரஷனை உங்க புரோகிராமோட மெமரி மேலயே நிஜமா ஓட்டும். ஐ-ல 500ஐ எழுதிடும், விடை 500, சைபர் இல்லையே, அப்போ உண்மைன்னு எடுத்துக்கிட்டு நிக்கும். உங்க லூப் 0லேர்ந்து ஒரே தாவா 500க்குத் தாவிடுச்சு, நடுவுல இருந்ததெல்லாம் கூட்டவே இல்ல. புதுசா வைக்க வேணாம், "கண்டிஷன் 1 ஐ == 500"னு மாத்திக்கோங்க, அந்த 1 பிரேக்பாயிண்ட் நம்பர். கண்டிஷனே வேணாம்னா வெறும் "கண்டிஷன் 1".

கேள்வி: அதை மாத்திட்டேன் மேடம், சரியா நிக்குது, ஆனா அது வரைக்கும் ஆமை வேகம். ஏன்?

எக்ஸ்86ல, அதாவது இன்டெல், ஏஎம்டி சிப்ல, பிரேக்பாயிண்ட்னா, அந்த இடத்துல இருக்கிற இன்ஸ்ட்ரக்ஷனோட முதல் பைட்டை எடுத்து பத்திரமா வச்சுட்டு அங்க ஹெக்ஸ்ல சிசின்னு ஒரு பைட்டை எழுதிடுறது, அவ்வளவுதான். சிபியு அதைத் தொட்டதும் கெர்னல் புரோகிராமை நிறுத்தி ஜிடிபியை எழுப்பும், அது கண்டிஷனைப் பார்க்கும், பொய்யா இருந்தா பழைய இன்ஸ்ட்ரக்ஷனை ஓட்டிட்டு மறுபடி போக விடும். உங்களுக்கு நின்ன மாதிரியே தெரியாது, ஆனா ஒவ்வொரு சுத்துக்கும் நின்னுட்டுதான் போகுது. ரொம்ப சூடான லூப்பா இருந்தா கோட்லயே ஒரு இஃப் எழுதி அதுக்குள்ள பிரேக்பாயிண்ட் வைங்க. வெக்கப்பட ஒண்ணுமில்ல, நானும் அதைத்தான் பண்றேன்.

கேள்வி: ஒரு ஃபங்ஷன் ஆயிரக்கணக்கான தடவை கூப்பிடப்பட்டு எப்பவோ ஒரு தடவை கிராஷ் ஆகுது. எந்தத் தடவைன்னு தெரியாம எங்க நிறுத்துறது?

எனக்கு ரொம்பப் பிடிச்ச வித்தை இது. ஃபங்ஷன்ல பிரேக்பாயிண்ட் வச்சு "இக்னோர் 1 1000000"னு அடிச்சு ஓட விடுங்க. பத்து லட்சம் தடவை கண்டுக்காம போன்னு அர்த்தம், ஆனா எண்ணிக்கிட்டே போகும். கிராஷ் ஆனதும் "இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ்" அடிச்சா இத்தனை தடவை தொட்டாச்சுன்னு காட்டும். 7342ன்னு வச்சுக்கோங்க, இப்போ "இக்னோர் 1 7341", மறுபடி "ரன்". சரியா அந்தக் கடைசி அழைப்போட வாசல்ல நிக்கும். ஒவ்வொரு ஓட்டமும் ஒரே மாதிரி இருந்தாதான் பலிக்கும், ஒரே நேரத்துல ஓடுற நாலு த்ரெட் முட்டிக்கிற புரோகிராம்ல இதை நம்பாதீங்க.

கேள்வி: ஸ்ட்ரக்ட்ல இருக்கிற கவுன்ட்டை யாரோ மாத்துறாங்க, யாருன்னு தெரியல.

அதுக்கு பிரேக் இல்ல, வாட்ச். "வாட்ச் -எல் பி->கவுன்ட்". அந்த -எல் போட்டா இப்போதைய அட்ரஸைப் பிடிச்சு வச்சுக்கும், இல்லன்னா பி-ங்கிற லோக்கல் பாயிண்டர் ஸ்கோப்பை விட்டுப் போனதும் வாட்ச்சும் போயிடும். மாத்தினவுடனே பழைய மதிப்பு, புது மதிப்பு ரெண்டையும் காட்டி நிக்கும், எழுதின பிறகுதான் நிக்கும்ங்கிறதால அடுத்த வரியைக் காட்டலாம், குழம்பாதீங்க. எக்ஸ்86ல இதுக்குன்னு சிபியுக்குள்ள நாலே நாலு ரெஜிஸ்டர்தான், அதுக்குள்ள அடங்கலன்னா ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனா நடந்து பார்க்கும், நூத்துக்கணக்கான மடங்கு ஸ்லோ.

கேள்வி: "டி" அடிச்சு அவசரத்துல ஒய்யும் தட்டிட்டேன், பதினாலு பிரேக்பாயிண்ட்டும் காலி. திரும்ப வருமா?

வராது. "டி"ன்னா டெலீட், அதுக்குப் பின்னாடி நம்பர் போடலன்னா மொத்தமும் போகும். இனிமே "டிசேபிள் 3"னு தூங்க வைங்க, வேணும்ங்கிறப்போ "எனேபிள்". ஒருவாட்டி நின்னுட்டு மறுபடி தூங்கணும்னா "எனேபிள் ஒன்ஸ் 3". கிளம்புறதுக்கு முன்னாடி "சேவ் பிரேக்பாயிண்ட்ஸ்"னு ஒரு ஃபைல் பேரைக் குடுத்துட்டா, மறுநாள் "சோர்ஸ்"னு அதே பேரைக் குடுத்தா கண்டிஷனோட சேர்த்து எல்லாம் வந்துடும்.

கேள்வி: இன்னும் லோட் ஆகாத லைப்ரரில வைக்க முடியுமா?

முடியும். லைப்ரரி லோட் ஆகுற வரைக்கும் பெண்டிங்ல வைக்கவான்னு கேக்கும், ஒய் அடிங்க. பேர்ல எழுத்துப்பிழை இருந்தாலும் இதே கேள்விதான் கேக்கும், அதனால ஸ்பெல்லிங்கை ஒருவாட்டி பார்த்துட்டு அடிங்க.

கேள்வி: அக்கா, மறுபடியும் அந்த செகண்ட் இயர்தான். எல்லாம் சரி, ஆனா நிக்கவே வேணாம், மதிப்பை மட்டும் காட்டிட்டுப் போகட்டும்னா? பிரின்ட்எஃப்பை விட மனசு வரல.

விட வேணாம்டா, ஜிடிபிலயே "டிபிரின்ட்எஃப்" இருக்கு. இடம், கமா, மேற்கோளுக்குள்ள ஃபார்மேட், கமா, வேரியபிள். கோடைத் தொடாம, திரும்ப கம்பைல் பண்ணாம அந்த வரி ஓடும்போதெல்லாம் அச்சடிச்சிட்டுப் போயிட்டே இருக்கும். இதுவும் "இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ்" லிஸ்ட்ல ஒரு நம்பரோட வரும், டிசேபிள், கண்டிஷன் எல்லாம் இதுக்கும் செல்லும். ஃபார்மேட் கடைசில நியூலைன் போட மறந்துடாதே, இல்லன்னா எல்லாம் ஒரே வரில கூட்ஸ் வண்டி மாதிரி ஒட்டிக்கிட்டு வரும்.