கோலாலம்பூர் வெக்கையில் சத்தமில்லாத எடிட்டிங் கணினி: காற்றாடியை அப்புறம் பாருங்கள், முதலில் வாட்டைக் குறையுங்கள்

கேள்வி: செந்தூலில் அடுக்குமாடி வீடு. படுக்கையறையிலேயே எடிட்டிங், பக்கத்தில் குழந்தை தூங்குகிறது. சோனி கேமராவில் எடுத்த 4கே கல்யாண வீடியோக்கள், மென்பொருள் டாவின்சி ரிசால்வ். சத்தமும் கரண்டும் குறைவாக இருக்கும்படி ஒரு கணினியை எப்படி அசெம்பிள் செய்வது?

பதில்:

சத்தம் வராத காற்றாடி எது என்று தேடிக்கொண்டு இறங்காதீர்கள். விமர்சன வீடியோக்களில் சொல்லும் சத்த அளவுகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் எடுத்தவை. ஏர்கோன் போடாத நம் அறையில் 31, 32 டிகிரி சாதாரணம். அறைச்சூடு எவ்வளவு ஏறுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவும் பிராசசர் சூட்டிலும் ஏறும். உடனே காற்றாடி வேகம் எடுக்கும். விலை உயர்ந்த காற்றாடியும் இதற்கு விலக்கில்லை. வெப்பமே உண்டாகாமல் பார்த்துக்கொண்டால்தான் சத்தம் அடங்கும்.

கரண்ட் பில்லில் பெரிய மிச்சம் எதிர்பார்க்க வேண்டாம். 50 வாட் குறைத்து நாளுக்கு 10 மணி நேரம் ஓட்டினால் மாதம் 15 யூனிட். 2025 ஜூலையில் மாறிய டிஎன்பி (மலேசிய மின்வாரியம்) கட்டணத்தில், சலுகை கழிப்பதற்கு முன் யூனிட்டுக்கு ஏறக்குறைய 44 சென். ஆக மாதம் 6 வெள்ளி (ரிங்கிட்) 60 சென். ஆனால் 300 வாட் இழுக்கும் கணினி மணிக்கு ஆயிரம் பிடியு (வெப்ப அளவு) வெப்பத்தை அறைக்குள் கொட்டுகிறது. 1 குதிரைத்திறன் ஏர்கோனின் மொத்தத் திறனே சுமார் 9000 பிடியுதான். இழப்பு அங்கேதான்.

பிராசசர்: இன்டெல் ஐ5-14500 போதும். 14 கோர், உள்ளே யுஎச்டி 770 கிராஃபிக்ஸ். சோனியின் எச்.265, 10 பிட், 4:2:2 கோப்புகளை (நிற விவரம் அதிகமுள்ள, பிரிக்கக் கடினமான வீடியோ வடிவம்) இந்த உள் கிராஃபிக்ஸின் வீடியோ பிரிக்கும் பகுதியான குவிக் சிங்க் சில வாட்டிலேயே பிரித்துக் காட்டிவிடும். அதுவோ, அந்த வடிவைப் பிரிக்கத் தெரிந்த கிராஃபிக்ஸ் அட்டையோ இல்லையென்றால் அதே வேலையைக் கோர்கள் முக்கி முனகிச் செய்யும், டைம்லைனை இழுக்கும்போதெல்லாம் காற்றாடி அலறும். அதனால் மாடல் எண் எஃப் என்று முடியும் சில்லை வாங்கவே வாங்காதீர்கள், அதில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. கோலாலம்பூரின் கணினிச் சந்தையான லோ யாட் கடைகளில் கேமிங் பேக்கேஜ் கேட்டால் எஃப் மாடல் வந்துவிட வாய்ப்பு அதிகம், பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். ரிசால்வின் கட்டணப் பதிப்பான ஸ்டூடியோவில்தான் இந்த வசதி முழுதாகக் கிடைக்கும். அதற்கான காசை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

ஏஎம்டியின் ரைசன் நல்ல பிராசசர்தான். ஆனால் சிப்லெட் அமைப்பில் (பல சிறு சில்லுகளை இணைத்து) வரும் டெஸ்க்டாப் ரைசன்கள் சும்மா இருக்கும்போதே கூடுதலாக இழுக்கும். எடிட்டிங்கில் பாதி நேரம் நாம் யோசித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம், அதனால் சும்மா இருக்கும் நேரத்துக் கணக்கு பெரிது.

கிராஃபிக்ஸ் அட்டை: ரிசால்வ் கலர் வேலையையும் இரைச்சல் நீக்கத்தையும் இதன் தலையில்தான் கட்டும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி, 180 வாட். 50 வரிசையில் 4:2:2 கோப்பைப் பிரிக்கும் வசதியும் (டிகோடிங்) சேர்ந்து வருகிறது, முந்தைய 40 வரிசையில் அது இல்லை. இரண்டு அல்லது மூன்று காற்றாடி உள்ள பெரிய ஹீட்சிங்க் மாடலாக எடுங்கள், சின்ன அட்டைகள்தான் சீறும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை, அட்டை அனுமதிக்கும் அளவுக்கு, 80 சதவீதத்தை ஒட்டி இறக்குங்கள். ரெண்டர் நேரம் சற்றுத்தான் கூடும், சத்தம் நன்றாகவே இறங்கும்.

நம் ஊரில் அடிக்கடி வரும் தொல்லை ஒன்று உண்டு. வேலை இல்லாதபோது இந்த அட்டைகளின் காற்றாடி நின்றுவிடும், ஏறக்குறைய 50 டிகிரியைத் தாண்டினால் மறுபடி சுற்றும். 32 டிகிரி அறையில் அட்டை சும்மா இருந்தாலே அந்த எல்லையில் போய் நிற்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை 'உர்ர்' என்று கிளம்பி அடங்கும், நிலையான இரைச்சலைவிட இது எரிச்சல். வெவ்வேறு ரெஃப்ரெஷ் ரேட்டில் (நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்ற அளவு) இரண்டு திரை மாட்டியிருந்தால் அட்டையின் மெமரி வேகம் இறங்காமல் நின்று சூடு இன்னும் ஏறும். இரண்டையும் 60 ஹெர்ட்ஸில் வையுங்கள், அல்லது இரண்டாவது திரையை மதர்போர்டின் போர்ட்டில் மாட்டுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் காற்றாடியை நிரந்தரமாக 30 சதவீதத்தில் ஓட விடுங்கள்.

இனி பயாஸ், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரை. பிராசசருக்கு பிஎல்1 (நீடித்த வேலைக்கு), பிஎல்2 (சிறிது நேரத்துக்கு) என்று இரண்டு மின்வரம்புகள் இருக்கும். பல மதர்போர்டுகள் இதில் 4096 வாட் என்று போட்டு, அதாவது வரம்பே இல்லாமல், அனுப்பிவிடுகின்றன. பிஎல்1 65, பிஎல்2 95 என்று மாற்றுங்கள். சும்மா இருக்கும்போது பிராசசரைத் தூங்க வைக்கும் சி-ஸ்டேட்களை இயக்குங்கள். காற்றாடி வளைவை (எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்ற அமைப்பு) 65 டிகிரி வரை 30 சதவீதத்தில் தட்டையாக வைத்து, 80 டிகிரிக்கு 55, 90க்கு 100 என்று ஏற்றுங்கள். கடையில் வரும் வளைவு 40 டிகிரியிலேயே ஏற ஆரம்பிக்கும், நம் வெக்கைக்கு அது எந்நேரமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஏற்றத் தாமதத்தையும் (சூடு ஏறியபின் காற்றாடி வேகமெடுக்கக் காத்திருக்கும் நேரம்) முடிந்தவரை கூட்டுங்கள். மூன்று பின் காற்றாடி முழு வேகத்தில் ஓடினால் அதை மாட்டிய மதர்போர்டு முனை (ஹெட்டர்) நான்கு பின் காற்றாடிக்கான பிடபிள்யூஎம் முறையில் இருக்கிறது என்று அர்த்தம், பயாஸில் டிசி முறைக்கு மாற்றினால் அடங்கும். டிடிஆர்5 ரேம் போட்டு முதல் முறை கணினியைப் போடும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். ரேமுக்கு ஏற்ற அமைப்பை மதர்போர்டு தேடிக்கொண்டிருக்கிறது, பதறி அணைக்காதீர்கள். ரேம் 32 ஜிபி துண்டு இரண்டு போதும். நான்கு துண்டு போட்டால் வேகம் குறையும்.

பெட்டி விஷயத்தில் என் கருத்து உறுதி: ஃபோம் ஒட்டி மூடிய 'சைலன்ட்' பெட்டி இங்கே வேண்டாம். சூட்டை உள்ளேயே அடைத்து எல்லாக் காற்றாடியையும் ஓட வைக்கும். முன்பக்கம் வலை, அங்கே 140 மில்லிமீட்டர் இரண்டு உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்ற, எல்லாம் நிமிடத்துக்கு 600 சுற்றில். பிராசசருக்கு தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ போன்ற இரட்டைக் கோபுரக் கூலர். உயரம் 155 மில்லிமீட்டர், பெட்டியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 95 வாட்டுக்குத் தண்ணீர்க் கூலர் தேவையில்லை, பம்ப் சத்தம்தான் கூடுதலாக வரும்.

வலையின் தூசி வடிகட்டியை மாதம் ஒரு முறை கழற்றிக் கழுவுங்கள். சாமி அறைக்குப் பக்கத்தில் கணினி இருந்தால் இரு வாரத்துக்கு ஒரு முறை. சாம்பிராணிப் புகையின் பிசுக்கு தூசியோடு சேர்ந்து வலையை அடைத்துவிடும், ஊதினால் போகாது. பின்னால் காலியான ஸ்லாட்டுகளுக்குத் தகடு கட்டாயம். பல்லி நுழைந்து பவர் சப்ளையில் ஷார்ட் ஆனால் மதர்போர்டும் சேர்ந்து போகலாம்.

ஹார்ட் டிஸ்க்கை பெட்டிக்குள் வைக்காதீர்கள். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் 120 ஹெர்ட்ஸ் ரீங்காரம், இரும்புத் தகடு அதைப் பெருக்கும். சிஸ்டத்துக்கு 1 டிபி, வேலைக்கு 2 டிபி, இரண்டும் நான்காம் தலைமுறை என்விஎம்இ (சுழலாத, சத்தமில்லாத எஸ்எஸ்டி). ஐந்தாம் தலைமுறை அதிகம் சூடாகும், எடிட்டிங்கில் அந்த வேகத்தால் பயனில்லை. 100 மெகாபிட் பதிவு மணிக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, ஆறு மணி நேரக் கல்யாணம் 810 ஜிபி. முடிந்த வேலைகளை ஹாலில் வைத்த நாஸுக்கு (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) அனுப்பிவிடுங்கள்.

பவர் சப்ளை 650 வாட், 80 பிளஸ் கோல்ட் (மின்சேமிப்புத் தரச்சான்று), குறைந்த லோடில் காற்றாடி நிற்கும் மாடல். கிள்ளான் பள்ளத்தாக்கு இடிமின்னலுக்கு யுபிஎஸ் (மின்சாரம் போனால் பேட்டரியில் ஓட்டும் கருவி) அவசியம். வீட்டு மின்சாரம் போன்ற சைன் அலை தருவதாகப் பார்த்து வாங்குங்கள், போலி அலையில் சில பவர் சப்ளைகள் மின்சாரம் போன நொடியே அணைந்துவிடும்.

அசெம்பிள் செய்வதில் ஆசை இல்லை, சத்தமும் கரண்டும் மட்டும்தான் முக்கியம் என்றால் எம்4 மேக் மினி வாங்கிவிடுங்கள். சும்மா இருக்கும்போது 4 வாட்தான், 4:2:2 பிரச்சினையும் இல்லை. பின்னால் ரேம் கூட்ட முடியாது, அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மூன்று பின் பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். திரை தவிர்த்து, சும்மா இருக்கும்போது 40 வாட்டை ஒட்டி நிற்க வேண்டும். 70க்கு மேல் காட்டினால் விண்டோஸ் பவர் பிளான் 'பேலன்ஸ்டு' தானா, சி-ஸ்டேட் இயங்குகிறதா, திரைகளின் ரெஃப்ரெஷ் ரேட் ஒன்றா என்று இதே வரிசையில் பாருங்கள்.