அடுத்த கிரேடு எப்போது?

இசைப் பக்கம் – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு 43 வயது. தபால் அலுவலகத்தில் வேலை. மூன்று வருடமாக பியானோ கற்கிறேன். லண்டனின் ஏபிஆர்எஸ்எம் அமைப்பு நடத்தும், எட்டு கிரேடு கொண்ட இசைத் தேர்வில் கிரேடு 1, கிரேடு 2 முடித்திருக்கிறேன். இனி 3-ஐ விட்டுவிட்டு நேரே 4 எழுதலாம், அடுத்த வருடம் 5 எழுதலாம் என்கிறார் மாஸ்டர். என்னோடு வகுப்பில் சேர்ந்த 11 வயதுப் பெண் இப்போது கிரேடு 4-ல் இருக்கிறாள். 50 வயதுக்குள் கிரேடு 8 முடிக்க வேண்டும் என்பது என் ஆசை. வீட்டு வேலையெல்லாம் முடிந்து இரவு ஒன்பதரைக்கு மேல்தான், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, 40 நிமிடம் வாசிக்க முடிகிறது. வருடத்துக்கு ஒரு கிரேடு என்று வைத்துக்கொண்டால் சரியாக வருமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, முதலில் உங்கள் 40 நிமிடத்தை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு கிரேடுக்கும் வகுப்பு, வீட்டுப் பயிற்சி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ எவ்வளவு நேரம் தேவை என்று ஏபிஆர்எஸ்எம் ஓர் அளவு சொல்கிறது. கிரேடு 1-க்கு 60 மணி, 2-க்கு 90, 3-க்கு 120, 4-க்கு 150, 5-க்கு 180. வாரத்தில் ஐந்து நாள் உட்கார முடிந்தால் உங்களுக்குக் கிடைப்பது மூன்று மணி இருபது நிமிடம். அப்படியானால் கிரேடு 3-க்கு 36 வாரம், 4-க்கு 45 வாரம், 5-க்கு 54 வாரம். காய்ச்சல், கல்யாணம், தீபாவளி, ஊர்ப்பயணம் எதையும் நான் கழிக்கவில்லை. 'இந்த வருடம் 4, அடுத்த வருடம் 5' என்பது உங்கள் இரவுகளுக்குள் அடங்காது. 3-க்குத் தேர்வு எழுதாவிட்டாலும் அதற்கான 120 மணி நேர உழைப்பு எங்கும் போய்விடாது. 4-க்கான உழைப்போடு சேர்ந்து உங்கள் தலையில்தான் விழும்.

கிரேடைத் தாண்டி எழுதுவதற்கு விதியில் தடை இல்லை. எந்தக் கிரேடிலும் நேரே உட்காரலாம். 6-ம் அதற்கு மேலும் எழுதும்போது மட்டும் கிரேடு 5 தியரியோ (இசைக் கோட்பாட்டுத் தேர்வு) அதற்கு ஈடான ஒன்றோ முடித்திருக்க வேண்டும் என்கிறது ஏபிஆர்எஸ்எம். டிரினிட்டி என்ற இன்னொரு தேர்வு அமைப்பில் அதுவும் இல்லை. ஆகவே மாஸ்டர் தவறாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அப்படித் தாண்டிப் போய்ப் பார்த்தவள் நான். அதைச் சொல்லாமல் உங்களுக்குப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

பியானோவில் முதன்முதலாகக் கை வைத்தபோது எனக்கு வயது 31. கோவையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. 1, 2, 3 மூன்றையும் வருடத்துக்கு ஒன்றாக முடித்தேன். பிறகு 4-ஐத் தாண்டி 5. பதினொரு மாதம் தேர்வுக்கான மூன்றே மூன்று பாடல்கள். தினமும் அந்த மூன்றும்தான். 150-க்கு 105 வந்தது. தேர்ச்சிக்கு 100 போதும். பாடல்களில் 90-க்கு 75 வாங்கியிருந்தேன். ஸ்வர வரிசைகளை வாசிக்கும் ஸ்கேல்ஸில் 21-க்கு 11, முன்பின் பார்க்காத பாடலைப் பார்த்தவுடன் வாசிக்கும் சைட் ரீடிங்கில் 21-க்கு 8, காது சோதனையில் 18-க்கு 11. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகத் தேற வேண்டியதில்லை, மொத்தம்தான் கணக்கு என்பதால் சான்றிதழ் வந்துவிட்டது. வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

ஆறு வாரம் கழித்து அத்தை மகள் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய பியானோ இருந்தது. "கிரேடு 5 முடிச்சிருக்காளே, ஒண்ணு வாசிக்கச் சொல்லுங்க" என்றார் சித்தப்பா. எனக்குத் தெரிந்தவை அந்த மூன்றுதான். முதல் பாடலில் பன்னிரண்டாவது பாரில் (தாளக் கட்டத்தில்) விரல் நின்றுவிட்டது. இரண்டாவதைத் தொடவே தைரியம் வரவில்லை. மேஜை மேல் அந்த வீட்டுக் குழந்தையின் புத்தகம் ஒன்று இருந்தது, கிரேடு 2 அளவுக்கானது. அதிலிருந்து ஒரு பக்கத்தைப் பார்த்தே வாசித்திருக்கலாம். என்னால் முடியவில்லை. சைட் ரீடிங்கில் வந்த அந்த 8 மதிப்பெண்ணின் பொருள் அந்தக் கூடத்தில்தான் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு ஐந்து மாதம் நான் பியானோவின் மூடியைத் திறக்கவே இல்லை.

சகோதரி, வேகம் அதிகம், குறைவு என்பது இதில் இரண்டாவது விஷயம். ஒரு கிரேடுக்கும் அடுத்த கிரேடுக்கும் இடையே தேர்வில் வராத எத்தனை பாடல்களை வாசித்தோம் என்பதுதான் முதல் விஷயம். ஒரு முழு வருடத்துக்கு மூன்று பாடல் என்பது பட்டினி. திரும்பி வந்தபோது புது ஆசிரியை எனக்குக் கொடுத்தது கிரேடு 2 அளவுப் பாடல்கள். முதலில் எனக்கு அழுகையே வந்தது. அந்த வருடம் 23 பாடல் வாசித்தேன். சிலவற்றை ஒரே வாரத்தில் முடித்துத் தள்ளினோம். நன்றாக வந்த ஏழெட்டை மட்டும் வைத்துக்கொண்டோம். பாக் எழுதியது என்று நெடுங்காலம் நம்பப்பட்டு, பிறகு பெட்சோல்ட் எழுதியது என்று தெரியவந்த ஜி மேஜர் மினுவெட் அதில் ஒன்று. அடுத்த வருடம் பர்க்முல்லரின் ஓபஸ் 100 என்ற பயிற்சித் தொகுப்பிலிருந்து ஐந்தாறு, கிளெமென்டியின் ஓபஸ் 36 தொகுப்பிலிருந்து முதல் சொனாட்டினா (சிறிய சொனாட்டா). அதற்குப் பிறகு கிரேடு 6 எழுதி 128 வாங்கினேன். 120 எடுத்தாலே மெரிட், அதாவது உயர் தேர்ச்சி. தேர்வுப் பாடல்களுக்கு எனக்கு ஆனது நான்கு மாதம்தான். இந்த முறை மெரிட் வந்ததற்காக நான் அவ்வளவு மகிழவில்லை; தேர்வு முடிந்த மறுநாள் வாசிக்க என்னிடம் வேறு பாடல்கள் இருந்தன, அதற்காகத்தான் மகிழ்ந்தேன்.

உங்களுக்கு நான் சொல்வது இது. 3-ஐத் தாண்ட வேண்டாம். அடுத்த ஆறு மாதம் தேர்வு என்ற பேச்சே வேண்டாம். கிரேடு 2, 3 அளவில் பத்துப் பதினைந்து பாடல் வாசியுங்கள். அவற்றில் உங்களுக்குப் பிடித்த மூன்று தேர்வுப் பட்டியலிலும் இருந்தால் நல்லது. அந்த மூன்றையும் நிறுத்தாமல், கொஞ்சம் மெதுவாகவாவது, முழுதாக வாசிக்க வந்த பிறகு விண்ணப்பத்தைப் போடுங்கள். பணம் கட்டிவிட்டுப் பாடலைத் தொடங்கினால் தேதி உங்களைத் துரத்திக்கொண்டே இருக்கும்.

40 நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடம் சைட் ரீடிங்குக்கு. நீங்கள் இருக்கும் கிரேடுக்கு இரண்டு படி கீழே உள்ளதை எடுங்கள், ஒரே முறை வாசியுங்கள், தப்பினாலும் நிற்காதீர்கள், மூடிவைத்துவிடுங்கள். தேர்வறையிலும் பார்த்துக்கொள்ள அரை நிமிடம்தான் தருவார்கள். ஸ்கேல்ஸுக்கு ஏழெட்டு நிமிடம். கர்னாடக சங்கீதம் காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், ஹார்மோனிக் மைனர் கீரவாணி, மெலோடிக் மைனரின் ஆரோகணம் கௌரிமனோகரி. கமகம் இல்லாமல் வெறும் ஸ்வரமாக ஒருமுறை பாடிவிட்டு விரலை வைத்துப் பாருங்கள். தப்பு விழுந்தால் காது உடனே சொல்லிவிடும். காது சோதனையில் பாடிக்காட்டச் சொல்லும்போது பெரியவர்கள் கூச்சப்படுகிறார்கள். குரல் இனிமைக்கு மதிப்பெண் கிடையாது. ஸ்ருதி சரியாக இருந்தால் போதும்.

அந்த 11 வயதுப் பெண்ணைப் பற்றி. குழந்தைக்கு விரல் முதலில் வரும், புத்தி பிறகு வரும். நமக்கு ஒரு பக்கத்தைப் பார்த்ததும் புரிந்துவிடுகிறது, நான்காவது விரலும் ஐந்தாவது விரலும்தான் கேட்பதில்லை. புரிந்ததும் கை வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் பெரியவர்கள் மணிக்கட்டை இறுக்கிக்கொள்கிறோம், தோளில் வலி வாங்கிக்கொள்கிறோம். வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அவள் கிரேடு 8 முடிக்கட்டும், நீங்கள் 4-ல் இருங்கள். இருவரும் நான்கு கைக்கான பாடல் ஒன்றைச் சேர்ந்து வாசியுங்கள், அவளுக்கும் அது நல்லது.

50 வயதுக்குள் கிரேடு 8? 6-க்கு 220 மணி, 7-க்கு 270, 8-க்கு 320. 3-லிருந்து எல்லாவற்றையும் கூட்டினால் 1,260 மணி. உங்கள் கணக்கில் இடைவெளியே இல்லாமல் ஏழு வருடத்துக்கும் மேல். நடுவில் மற்ற பாடல்களும் வாசிப்பதென்றால் 53, 54 ஆகும். அதில் குறை ஒன்றும் இல்லை என்று மனமார நம்புகிறேன்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். டிஜிட்டல் பியானோவில் ஹெட்ஃபோனோடு மட்டுமே வாசித்தவர்களுக்குத் தேர்வறையில் உள்ள அசல் பியானோவின் கட்டைகள் கனமாகத் தெரியும். அந்தச் சத்தமே மிரட்டும். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதமாவது வாரம் ஒருமுறை எங்காவது அசல் பியானோவில் வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். தெரிந்த தேவாலயம், பள்ளி, உங்கள் மாஸ்டர் வீடு என்று கேட்டுப் பாருங்கள். தேர்வறை ஏசியில் விரல் விறைத்துவிடும், கையைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போங்கள். தொடங்கும் முன் கொஞ்சம் வாசித்துப் பார்க்க விடுவார்கள். எதை முதலில் வாசிப்பது என்பதும் உங்கள் விருப்பம். நடுக்கம் இருந்தால் ஸ்கேல்ஸில் தொடங்குங்கள்.

கேள்வி: வீட்டில் 61 கட்டை கீபோர்டு இருக்கிறது. அதில் பழகி பியானோ கிரேடு எழுத முடியுமா?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: தம்பி, முதலில் எந்தப் பாடத்துக்குப் பெயர் கொடுக்கிறீர்கள் என்று ஆசிரியரிடம் தெளிவாகக் கேளுங்கள். டிரினிட்டியில் எலக்ட்ரானிக் கீபோர்டு தனிப் பாடம், பியானோ தனிப் பாடம். கீபோர்டில் தாளக்கட்டும், தானே பின்னணி வாசிக்கும் ஆட்டோ அகம்பனிமென்ட்டும், வாத்திய ஒலியை மாற்றுவதும் சேர்ந்தே வரும். அதுதான் உங்களுக்கு விருப்பம் என்றால் உங்கள் 61 கட்டையே போதும். பியானோ என்றால் முதல் சில மாதம் ஓட்டலாம். பிறகு 88 கட்டை, விரலுக்குக் கனம் தெரியும் வெயிட்டட் கட்டைகள், ஒரு பெடல், இந்த மூன்றும் உள்ள டிஜிட்டல் பியானோ வேண்டும். மெல்லிய கட்டையில் பழகிய விரலுக்கு மென்மையாகவும் அழுத்தமாகவும் வாசிக்கும் வித்தியாசம் பிடிபடாது. கிரேடு 1 பாடலிலேயே அதைக் கேட்பார்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான், வயது 61. தேர்வு எழுதாமலே கற்றால் போதாதா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: போதும் அம்மா, தாராளமாகப் போதும். ஆனால் ஒரு தேதி இருந்தால்தான் உட்கார்ந்து வாசிக்க மனம் வருகிறது என்றால், 2020 முதல் ஏபிஆர்எஸ்எம் பெர்ஃபார்மன்ஸ் கிரேடு என்று ஒன்றை நடத்துகிறது. ஸ்கேல்ஸ் இல்லை, சைட் ரீடிங் இல்லை, எதிரே தேர்வாளரும் இல்லை. நான்கு பாடல்களை ஒரே தொடர்ச்சியாக வாசித்து வீடியோவாக அனுப்ப வேண்டும். வீட்டு டிஜிட்டல் பியானோவிலேயே எடுக்கலாம். என்னிடம் கற்கும் இரண்டு பாட்டிமார் அப்படித்தான் அனுப்பினார்கள். முதல்முறை எடுத்த பதிவு முழுக்க ஒரே காற்றுச் சத்தம், மீண்டும் எடுக்க வேண்டியதாயிற்று. கேமராவை வைக்கும் முன் ஃபேனை நிறுத்திவிடுங்கள்.