குதிரை வாங்கலாமா, தொழில் கத்துக்கலாமா?

கேள்வி: ஒரு வெள்ளைக் குதிரை வாங்கி, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். கட்டுப்படியாகுமா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: தம்பி, நான் பழைய வண்ணாரப்பேட்டையில லாடம் அடிக்கிறவன். ஆடியிலயும் மார்கழியிலயும் முகூர்த்தம் கிடையாது. அதுக்காகக் குதிரை பட்டினி கிடக்குமா? 400 கிலோ குதிரைக்குத் தினம் 8 கிலோ காய்ஞ்ச தீனி, 25 லிட்டருக்கு மேல தண்ணி. நம்ம ஏரியாவுல தண்ணி லாரிக்கு நிக்கிற லட்சணம் உனக்கே தெரியும். மேளம், பட்டாசுக்கு மிரளாம பழக்கவும் பொறுமை வேணும்.

என்னைக் கேட்டா, முதல்ல லாடம் கத்துக்கோ. குளம்பு மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருக்கா லாடத்தைக் கழட்டி, குளம்பைச் சீவி, திரும்ப அடிக்கணும். அதனால வேலை நிக்காது. அடிப்பாதத்துல வெள்ளைக் கோடு ஒண்ணு ஓடும். ஆணி அதுக்கு வெளிப்பக்கமாத்தான் ஏறணும். உள்ள போனா மறுநாளே நொண்டும். சுத்தியல் சத்தம் 'டங்'குனு கேக்காம மொத்தையா கேட்டா உடனே ஆணியைப் பிடுங்கிடு.

அதையும் மீறி வாங்குறதா இருந்தா, ஒண்ணு தெரிஞ்சுக்கோ: குதிரை திரும்பித் திரும்பி வயித்தைப் பாக்குது, படுத்து உருளுதுன்னா அது வயித்துவலி. குதிரைக்கு வாந்தி வராது, அதனால வயித்துல இருக்கிறது மேல வராம ஆபத்தாயிடும். கைவைத்தியம் பண்ணாதே, ராத்திரியானாலும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி டாக்டருங்களைக் கேளு.