பீங்கான் தட்டில் செல்லப் பிராணியின் முகம்: வாசகர் கேள்விகளும் விளக்கங்களும்

கேள்வி: எங்கள் ராஜபாளையம் நாய் உடல் முழுவதும் பால் வெள்ளை. வெள்ளைத் தட்டில் வெள்ளை நாயை எப்படித் தெரியவைப்பது? வெள்ளை வண்ணம் தனியாக வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். பீங்கான் ஓவியத்தில் வெள்ளை என்பது தட்டிலேயே இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள இடத்தைக் கருமையாக்கி அந்த வெள்ளையை வெளியே கொண்டுவருவதுதான் நம் வேலை. தலைக்குப் பின்னால் சாம்பல் கலந்த பச்சையையோ மங்கிய நீலத்தையோ பூசி, ஈரம் இருக்கும்போதே மென்மையான உலர்ந்த தூரிகையால் காதின் விளிம்புவரை இழுத்துவிட்டால், முதல் வேக்காட்டிலேயே (தட்டைச் சூளையில் ஒருமுறை சுடுவதே ஒரு வேக்காடு) தலையின் வடிவம் எழுந்து நிற்கும். அதன்பின் காதின் உட்புறம், தாடையின் அடிப்பக்கம், கழுத்துத் தசை மடியும் இடம் ஆகியவற்றில் மட்டும் மெல்லிய சாம்பல் நிழல் கொடுங்கள். ராஜபாளையத்தின் முடி குட்டையாக, உடலோடு ஒட்டியே இருக்கும். ஆகவே உடல் முழுவதும் முடியை இழை இழையாக வரைந்தால் அது வேறு நாயாகிவிடும்.

கண்ணுக்குத்தான் அதிகப் பொறுமை தேவை. முதலில் விழி முழுவதும் மெல்லிய பழுப்புப் பூசிச் சுட்டுவிடுங்கள். அடுத்த முறை மேல் இமையின் நிழல் விழும் பகுதியை மட்டும் கருமையாக்கி, அந்த ஈரம் காய்வதற்குள், குச்சியின் முனையில் ஓர் இழை பஞ்சைச் சுற்றி, வண்ணத்தில் ஒரு புள்ளி அளவை எடுத்துவிடுங்கள். அந்த ஒளிப்புள்ளிக்காக, பழுப்புப் பூசும்போதே அதே இடத்தைக் காலியாக விட்டிருக்க வேண்டும். ஒருமுறை சுட்டுவிட்டால் வண்ணத்தைத் துடைத்து எடுக்க முடியாது. இதனால்தான் வெளிறிய நிறத்தில் தொடங்கி, நான்கைந்து வேக்காடுகளில் படிப்படியாகக் கருமை ஏற்றுகிறோம்.

கேள்வி: மூக்குக்கும் நாக்குக்கும் பூசிய ரோஸ் நிறம் சூளையிலிருந்து அழுக்குப் பழுப்பாக வெளிவருகிறது. வண்ணம் கலப்படமாக இருக்குமா?

பதில்: வண்ணத்தைக் குறை சொல்லும் முன் சூளையின் வெப்பத்தைப் பாருங்கள். பீங்கான் வண்ணங்களில் நல்ல ரோஸும் ஊதாவும் தங்கத்திலிருந்து வருபவை. மிக நுண்ணிய தங்கத் துகள்களை வெள்ளீயச் சேர்மத்தோடு சேர்த்துப் பெறும் இந்த நிறமி 'காசியஸ் ஊதா' என்ற பெயரில் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பாவில் அறியப்பட்டது. அதன் விலை மிகுதிக்கும் தங்கமே காரணம். இவ்வண்ணங்களுக்குப் பொதுவாக 800 டிகிரி செல்சியசுக்கு அருகில் வெப்பம் வேண்டும். குறைந்தால் பழுப்பாகும், மிகுந்தால் நீலம் தட்டும். இரும்பு ஆக்சைடால் ஆன சிவப்போ இதற்கு நேர்மாறாக, அதிக வெப்பத்திலும் பலமுறை சுடுவதிலும் வெளிறிவிடும். எனவே மூக்கின் ரோஸை முதல் வேக்காட்டிலும், கழுத்துப்பட்டையின் சிவப்பைக் கடைசி வேக்காட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். வண்ணம் குழைத்த கிராம்பு எண்ணெயும் டர்பெண்டைனும் எரிந்து புகையாக வெளியேறும்வரை சூளையின் காற்றுத் துளை திறந்திருக்க வேண்டும். புகை உள்ளேயே தங்கினாலும் நிறம் மங்கும்.

கேள்வி: என்னிடம் சூளை இல்லை. வீட்டு ஓவனில் சுட்டு, அந்தத் தட்டில் சாப்பிடலாமா?

பதில்: வீட்டு ஓவனுக்கென்று விற்கப்படும் பீங்கான் வண்ணங்கள் உள்ளன, பெரும்பாலும் 150 டிகிரியில் சுமார் 35 நிமிடம் போதும். தட்டைக் குளிர்ந்த ஓவனில் வைத்த பிறகே சூடேற்றி, ஓவனுக்குள்ளேயே ஆறவிடுங்கள். ஆனால் இவை தட்டின் மேல் படியும் படலமே. சூளை வண்ணத்தைப் போலப் பீங்கானின் கண்ணாடிப் பூச்சோடு உருகிச் சேர்வதில்லை. கத்தியும் கரண்டியும் படும் இடத்திற்கு ஏற்றவை அல்ல.

சூளையில் சுட்டதிலும் எச்சரிக்கை வேண்டும். வண்ணத்தை உருகவைக்க ஈயம் சேர்ந்த கண்ணாடித்தூள் கலப்பது பழைய வழக்கம். புளிப்பான உணவு பட்டால் அந்த ஈயம் கசியக்கூடும். 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்து ஆய்வகத்தில் சோதிக்காத எந்தத் தட்டையும் நான் சாப்பாட்டுக்குத் தருவதில்லை. நடுவில் முகம் வரைந்த தட்டுக்குச் சுவரே சரியான இடம்.

கேள்வி: பாட்டி காலத்துத் தேநீர்த் தட்டில் எங்கள் பூனையை வரைய விரும்புகிறேன். அதற்கு ஏதேனும் தடை உண்டா?

பதில்: அப்படியொரு தட்டில் ஒரு குடும்பத்தின் பூனையை நான் வரைந்து கெடுத்திருக்கிறேன். முதல் வேக்காட்டில் பூனையின் நெற்றியெங்கும் மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள் எழுந்தன. பல்லாண்டுகள் புழங்கிய பீங்கான், கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்புகள் வழியாக ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சி வைத்திருக்கும். சூளையில் அவை வெளியே வரும்போது புள்ளியாகின்றன. அந்தத் தட்டுக்கு மாற்று இல்லை என்பது இன்றும் எனக்கு வருத்தமே. எதையும் வரையும் முன் வெறும் தட்டை மிக மெதுவாக ஒருமுறை சூடேற்றிப் பாருங்கள். அதில் விரிசலோ புள்ளியோ விழும் அபாயமும் உண்டு என்பதால், நினைவுப் பொருளை அப்படியே வைத்துக்கொண்டு புதுத் தட்டில் வரைவதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: எப்படிப்பட்ட புகைப்படம் வேண்டும்?

பதில்: விலங்கின் கண் மட்டத்திற்குக் குனிந்து, சன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தது. ஃபிளாஷ் நிழல்களை அழித்துக் கண்ணைப் பச்சையாக ஒளிரவைத்துவிடும்.

கேள்வி: நாயின் பெயரைப் பின்புறம் எழுதலாமா?

பதில்: அவசியம் எழுதுங்கள், பெயரோடு ஆண்டையும் சேருங்கள். சாதாரணப் பேனா மை சூளையில் எரிந்துவிடும் என்பதால், ஓவியத்திற்குக் குழைத்த அதே வண்ணத்தில் மெல்லிய தூரிகையால் எழுதி, கடைசி வேக்காட்டுக்கு முன் முடித்துவிடுங்கள்.