ஹாரிசன் இசைத்தட்டில் குரல் மங்கலா? ஊசி காரணமல்ல

இசைத்தட்டில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாகக் கேட்கிறது, பிளேயர் ஊசியை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். பீட்டில்ஸ் குழுவின் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனின் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' அப்படித்தான் ஒலிக்கும். பீட்டில்ஸ் பிரிந்த 1970-லேயே வந்த மூன்று தட்டு ஆல்பம் அது. நீங்கள் சொன்ன அந்தக் கிணற்றுக் குரல், ஆல்பத்தின் இணைத் தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் கைவேலை: அடுக்கடுக்காகக் கிதார்கள், டிரம்ஸ், எல்லாவற்றின் மேலும் எக்கோ. ஹாரிசனுக்கே பிற்பாடு இது கொஞ்சம் அதிகம் என்று பட்டது.

சந்தேகமென்றால் மூன்றாவது தட்டான 'ஆப்பிள் ஜாம்' போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பாட்டில்லாத வாசிப்பு, அவ்வளவு பூச்சும் கிடையாது. அதுவும் மங்கலாக இருந்தால் அப்புறம் ஊசியைச் சந்தேகிக்கலாம்.

ஒன்று மட்டும்: ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் 'ஸ்' ஒலி கரகரத்தால் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) கோணத்தைச் சரிபாருங்கள்.

இதே ஆல்பத்தின் ஒலிகளை மறுபடி கலந்த 2021 ரீமிக்ஸில் குரல் தெளிவாக முன்னே வரும். எனக்கென்னவோ பழைய மூட்டம்தான் பிடிக்கிறது.