பளபளப்புக்கா, கனத்துக்கா: லாரி ஷெட் தரைக்கு எதில் பணம் போடுவது?

கேள்வி: இரண்டு லாரிகள் வைத்திருக்கிறேன். ஷெட்டின் 4 அங்குல கான்கிரீட் தரை, சக்கரம் நிற்கும் இடத்தில் பிளந்துவிட்டது. மேலேயே எபாக்ஸி பூசினால் போதும் என்கிறார் ஒருவர். பெயர்த்துவிட்டுக் கம்பி கட்டி 6 அங்குலம் போடச் சொல்கிறார் இன்னொருவர். அதற்கு மூன்று மடங்கு செலவாகும். அவசரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை எடுக்கலாமா, கடன் வாங்கலாமா?

பதில்: எபாக்ஸியை முதலில் தள்ளி வையுங்கள். அது பூச்சு, பாரம் தாங்காது. அடியில் பிளவு அசைந்துகொண்டிருந்தால் மேல்பூச்சும் அதே கோட்டில் வெடிக்கும். ஓடிவந்த சூட்டோடு நிற்கும் டயர், சரியாக ஒட்டாத பூச்சை உரித்துக்கொண்டும் வந்துவிடும்.

இனி கணக்கு. தரை வளைந்து உடையாமல் தாங்கும் பலம் ஏறக்குறைய கனத்தின் வர்க்கத்தோடு கூடும். 4 அங்குலத்தை 6 ஆக்கினால் கான்கிரீட் ஒன்றரை மடங்குதான், பலமோ 2.25 மடங்கு. பெயர்ப்பு, பலகை அடைப்பு, ஆள்கூலிச் செலவெல்லாம் அவ்வளவாக ஏறாது. இப்படி லாபமாகக் கிடைக்கும் முதலீட்டை நான் அடிக்கடி பார்ப்பதில்லை! சரக்கோடு நிறுத்துவீர்கள் என்றால் 8 அங்குலம்கூடத் தேவைப்படலாம். மண்ணைப் பார்த்துப் பொறியாளர் சொல்லட்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அடிமண்ணைத் திமிசு போட்டு இறுக்காமல் விட்டால் எத்தனை அங்குலம் போட்டாலும் தரை உட்காரும். கோட்டேஷனில் அந்த வேலையைத் தனியாகக் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஒரு பேச்சுக்கு, பூச்சுக்கு 1 பங்கு செலவு, 2 ஆண்டு ஆயுள் என்று வையுங்கள்: ஆண்டுக்கு அரைப் பங்கு. தளத்துக்கு 3 பங்கு, 20 ஆண்டு: ஆண்டுக்கு 0.15 பங்கு. கடன் தவணை முடியும் முன்பே பொருள் கெட்டுப்போனால் அது வீண் கடன். தளத்துக்கு அந்தப் பயம் இல்லை. அதனால் மூன்று ஆண்டுக்குள் அடைபடும் சிறு கடன் வாங்கலாம். ஆனால் டிரைவர் சம்பளமும் வண்டித் தவணையும் சேர்த்து ஆறு மாதத்துக்கு வேண்டிய தொகையைத் தொடாதீர்கள். லாரி ஒரு மாதம் படுத்துவிட்டால் கைகொடுப்பது அதுதான்.

பலரும் மறக்கும் செலவு ஒன்று உண்டு. கான்கிரீட் ஏறக்குறைய முழுப் பலம் பெற 28 நாள் ஆகும். அதுவரை வண்டிகளை வெளியே நிறுத்தும் வாடகையையும் மதிப்பீட்டில் சேருங்கள். காண்ட்ராக்டருக்குக் கடைசி 10 சதவீதத்தை அந்த 28 நாள் கழித்துத் தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் கறை உறுத்தினால் அப்புறம் பூச்சடிக்கலாம். அதற்கு முன் ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைத் தரையில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் தூக்கிப் பாருங்கள். அடியில் ஈரம் கோத்திருந்தால் பூச்சு நிற்காது, காசு மிச்சம்.

ஷெட் சொந்தமா வாடகையா என்று நீங்கள் எழுதவில்லை. வாடகை என்றால் தளம் போடாதீர்கள், அது இடத்துக்காரருக்குப் போய்விடும். 100 மில்லிமீட்டர் கனமுள்ள இன்டர்லாக் கற்களைப் பதியுங்கள். காலி செய்யும்போது பெயர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலும் எழுதி வாங்கிவிடுங்கள்.