ஹீட் பம்ப் எத்தனை யூனிட் இழுக்கும்? பழைய எரிவாயு பில்லிலேயே விடை இருக்கிறது

கேள்வி: வீட்டைச் சூடாக்க எரிவாயு பாய்லரும் ரேடியேட்டர்களும் வைத்திருக்கிறோம். நான்கு பேர். வெந்நீரையும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 1,500 கன மீட்டர் எரிவாயு ஆகிறது. இதை எடுத்துவிட்டு 8 கிலோவாட் ஹீட் பம்ப் வைக்கச் சொல்கிறார்கள். 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 192 யூனிட் ஆகிவிடாதா? சரியாகக் கணக்கிடுவது எப்படி?

பதில்: ஆகாது. அந்த 8 கிலோவாட், கருவி வீட்டுக்குள் தரும் வெப்பத்தின் அளவு; அது இழுக்கும் மின்சாரம் அல்ல. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை அள்ளி உள்ளே சேர்ப்பதுதான் ஹீட் பம்பின் வேலை. கம்ப்ரஸரையும் விசிறியையும் சுழற்றத்தான் மின்சாரம். 1 யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் கிடைக்கிறது என்பதை சிஓபி என்கிறார்கள் (யூனிட் என்பது கிலோவாட்-மணி; வெப்பத்தையும் அதே அளவில் சொல்லலாம்). குளிர்காலம் முழுவதற்குமான சராசரி எஸ்சிஓபி. கருவியின் தகட்டில் உள்ள அதிகபட்ச ஆம்பியரைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். அது வயரும் பிரேக்கரும் தேர்ந்தெடுப்பதற்கான எண். பில் கணக்குக்கு அது உதவாது.

வீட்டின் சதுர அடியை வைத்துச் செய்யும் மதிப்பீடுகளைவிட, நீங்கள் ஏற்கெனவே எரித்த எரிவாயு நம்பகமானது. 1 கன மீட்டரில் ஏறக்குறைய 10.5 யூனிட் வெப்பம் உண்டு (துல்லியமான எண் பெரும்பாலும் பில்லிலேயே இருக்கும்). 1,500 × 10.5 = 15,750. பாய்லரின் திறன் 85 சதவீதம் என்று கொண்டால், புகைபோக்கி வழியே போனது போக வீட்டுக்குக் கிடைத்தது சுமார் 13,400 யூனிட். அதே இணைப்பில்தான் சமையலும் என்றால் அதைக் கழித்துவிடுங்கள். ஒரே ஒரு குளிர்காலத்தை நம்பாமல் இரண்டு மூன்று ஆண்டுகளின் சராசரியை எடுங்கள்.

இனி வெந்நீரைத் தனியே பிரிக்க வேண்டும். காரணம், தண்ணீரை அதிகச் சூட்டுக்குக் கொண்டுபோகும்போது ஹீட் பம்பின் திறன் குறையும். நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர், 40 டிகிரி உயர்த்த வேண்டும் என்றால் 200 × 40 × 1.163 ÷ 1,000 = 9.3 யூனிட் வெப்பம் (ஒரு லிட்டரை ஒரு டிகிரி உயர்த்த 1.163 வாட்-மணி). தொட்டி தானாக ஆறுவதால் போவது இன்னும் ஒன்றரை, இரண்டு யூனிட். நாளுக்கு 11, ஆண்டுக்கு 4,000 என்று வைத்துக்கொள்ளலாம். கோடை மாத எரிவாயு பில் இதைச் சரிபார்த்துக் காட்டும். அறைகளைச் சூடாக்க மீதம் 9,400.

அடுத்து, வகுக்கும் எண், அதாவது எஸ்சிஓபி. பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்குதான் தொடங்குகின்றன. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் வரும் 4.5, 5 எல்லாம் 35 டிகிரி தண்ணீருக்கானவை. தரைக்கடியில் குழாய் பதித்த வீட்டுக்கே அது பொருந்தும். ரேடியேட்டர் வீட்டுக்காரர்கள் 55 டிகிரிக்கான எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் வீட்டுக்குச் சூடாக்கலுக்கு 3.3, வெந்நீருக்கு 2.6 என்று எடுப்பது நிதானமான மதிப்பீடு. 9,400 ÷ 3.3 = 2,850. 4,000 ÷ 2.6 = 1,540. சுழற்சிப் பம்புக்கும், கருவி சும்மா இருக்கும்போது ஆவதற்கும் 200. மொத்தம் ஆண்டுக்கு 4,600 யூனிட் அளவில் வரும்.

இதை உங்கள் மின்கட்டணத்தால் பெருக்குங்கள். ஆனால் சராசரிக் கட்டணத்தால் அல்ல. பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும் படிநிலைக் கட்டணம் என்றால், புதிதாகச் சேரும் யூனிட்டுகள் மேல்படியில்தான் விழும். மிகக் குளிரான மாதம் மட்டுமே ஆண்டுக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 900 யூனிட்டுக்கு மேல், விழுங்கக்கூடும். எரிவாயுவோடு ஒப்பிட ஒரு குறுக்குவழி: 13,400 ÷ 4,600 = 2.9, அதை 0.85 ஆல் வகுத்தால் 3.4. ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை, ஒரு யூனிட் எரிவாயு வெப்பத்தின் விலையைப்போல் 3.4 மடங்குக்குள் இருந்தால் ஹீட் பம்ப் மலிவு. எரிவாயு இணைப்பையே துண்டித்தால் நிலைக்கட்டணமும் மிச்சம்.

192 யூனிட் பயத்துக்கும் ஒரு கணக்கு. வெளியே மைனஸ் 5, உள்ளே 20 டிகிரி இருக்கும்போது வீட்டுக்கு 6 கிலோவாட் தேவை என்றால், ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 240 வாட். வெளியே 2 டிகிரி உள்ள நாளில் 18 × 240 × 24 = சுமார் 104 யூனிட் வெப்பம். வெயில், அடுப்பு, ஆட்களின் உடல்சூடு ஆகியவை அதில் கால்பங்கைத் தந்துவிடும். மீதி 78ஐ 2.7 ஆல் வகுத்தால் 29 யூனிட் மின்சாரம். சிஓபியை இவ்வளவு குறைத்து எடுப்பதற்குக் காரணம் உண்டு: 2 டிகிரி ஈரக்காற்றில் வெளிச்சுருளில் பனி படியும், அதை உருக்கக் கருவி அவ்வப்போது பின்னோக்கி ஓட வேண்டும். இந்த விஷயத்தில் மைனஸ் 5இன் வறண்ட காற்று பரவாயில்லை.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள், செலவே இல்லை. குளிர் நாளில் பாய்லரின் சூடாக்கல் தண்ணீரை 50 டிகிரிக்கும், பிறகு 45க்கும் இறக்கிப் பாருங்கள். (வெந்நீர்த் தொட்டியின் அமைப்பைத் தொட வேண்டாம், அதில் 60 வேண்டும், லெஜியோனெல்லா கிருமிக்காக.) 45இல் வீடு சூடாகவே இருந்தால் என் 3.3 கஞ்சத்தனமான எண். எந்த அறை குளிர்கிறதோ அங்கே பெரிய ரேடியேட்டர் வேண்டும். தண்ணீரை ஒரு டிகிரி இறக்கினால் திறன் ஏறக்குறைய இரண்டு சதவீதம் கூடும். எஸ்சிஓபி 4 ஆனால் 500 யூனிட் மிச்சம், 2.7க்குச் சரிந்தால் 630 யூனிட் கூடுதல். கருவியின் பிராண்டை மாற்றிக் கிடைக்கும் வித்தியாசம் இதன் பக்கத்தில் வராது.

8 கிலோவாட் தேவையா என்றும் கேளுங்கள். கருவி எவ்வளவு குறைவாக ஓட முடியும் என்பது முக்கியம். கீழெல்லை 3 கிலோவாட் என்றால், 1.5 போதுமான இதமான நாளில் அது நின்று நின்று ஓடும்; திறனும் கம்ப்ரஸரின் ஆயுளும் குறையும். இரவில் முழுதாக அணைத்து விடியலில் ஏற்றுகிற பாய்லர் பழக்கமும் இதற்கு ஆகாது. ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறக்க வேண்டாம்.

பொருத்தும்போதே ஹீட் பம்புக்குத் தனி மின்மீட்டர் போடச் சொல்லுங்கள். திரையில் காட்டும் எண் பல கருவிகளில் மதிப்பீடுதான். வாரம் ஒருமுறை ரீடிங்கையும் வெளிவெப்பநிலையையும் குறித்து வையுங்கள். மேலே சொன்ன கணக்கைவிட யூனிட் மிக அதிகமாக ஓடினால் முதல் சந்தேகம் பேக்கப் ஹீட்டர்மீது, அதாவது கடுங்குளிரில் கைகொடுக்க வைத்த துணை ஹீட்டர்மீது. அது மின்சாரத்தால் நேரடியாகச் சூடாகும் சாதாரணக் கம்பி, சிஓபி 1. மைனஸ் 5க்குக் கீழே மட்டும் வர வேண்டியது, 5 டிகிரியிலேயே வரும்படி அமைக்கப்பட்டிருக்கும். மெனுவில் அது ஓடிய மணி நேரம் தெரியும். அதை மீட்டர் ரீடிங்கோடு சேர்த்தே பொருத்தியவரிடம் காட்டுங்கள்.